பள்ளத்தில் விழும் மரியோ

மும்பை மாதுங்காவில் இருக்கும் என் கல்லூரி நண்பன் சில மாதங்களுக்கு முன் ஒருநாள் இரவு பத்தரை மணிக்கு போன் செய்தான். வங்கி அதிகாரி, வயது 53. பத்து நிமிடம் ஊர்க்கதை பேசிவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "கை சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்கறதுடா" என்றான். அவன் அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் பார்க்கின்சன்ஸ் இருந்தது. ஸ்பூனைப் பிடிக்க அவர் பட்ட பாட்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதனால் அந்த வாக்கியத்துக்கு அவன் மனதில் என்ன அர்த்தம் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

விசாரித்தேன். காபி டம்ளர் சிந்தவில்லை. கையெழுத்து மாறவில்லை. சட்டைப் பொத்தான் போடுவதில் தகராறில்லை. தகராறு ஒரே இடத்தில்தான். வீட்டைப் பெயின்ட் அடிக்கக் காலி செய்தபோது பரணிலிருந்து 1993-ல் வாங்கிய வீடியோ கேம் பெட்டி இறங்கியிருக்கிறது. கேசட் செருகி ஆடும் பழைய ரகம். மகள் ஆசையாகக் கடைக்குப் போய் ஒரு கன்வர்ட்டர் வாங்கி வந்து, புது 55 அங்குல டி.வி.யில் இணைத்துவிட்டாள். கல்லூரி நாட்களில் பேசிக்கொண்டே மரியோவை எட்டு உலகமும் கடத்திப்போன இவன், முதல் கட்டத்தின் முதல் பள்ளத்திலேயே விழுகிறான். மறுபடியும் விழுகிறான். மகள் சிரிக்கிறாள். இவனும் சிரித்துவிட்டு, அவளுக்குத் தெரியாமல் நரம்பியல் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறான். "படமும் கலங்கலாத்தான் தெரியறது. கண்ணும் போயிடுத்தோ என்னமோ."

டாக்டரைப் பார்ப்பதை நிறுத்தாதே, ஆனால் அதற்கு முன் டி.வி. ரிமோட்டைக் கையில் எடு என்றேன். அடுத்த ஒரு மணி நேரம் போனில் நடந்ததும், பிறகு நேரில் போய்ச் செய்ததும்தான் இந்த வாரப் பத்தி. கன்சோலை டி.வி.யில் மாட்டிவிட்டுப் படம் சரியில்லை என்று புது டி.வி.க்கும் விலை உயர்ந்த கேபிளுக்கும் பணம் எடுத்து வைப்பவர்கள், செலவழிக்கும் முன் இதைப் படித்துவிடலாம்.

முதலில் கலங்கல். பழைய பெட்டியிலிருந்து படத்தைக் கொண்டு வருவது ஒற்றை மஞ்சள் வயர். அதற்குள் வெளிச்சமும் நிறமும் ஒன்றாகப் பிசைந்து போகின்றன. காரணம் சரித்திரம். டெலிவிஷன் முதலில் கறுப்பு வெள்ளை. பிறகு நிறம் வந்தபோது பழைய செட்டுகளைக் குப்பையில் போடச் சொல்ல முடியாது. அதனால் கறுப்பு வெள்ளைப் படத்தின் அலைவரிசைக்குள்ளேயே நிறத்தையும் திணித்தார்கள். இந்தியா 1982-ல் கலருக்கு மாறியபோது எடுத்துக்கொண்டது ஜெர்மனியில் உருவான 'பால்' முறை. அந்த வருட ஆசியப் போட்டிகளைப் பழைய கறுப்பு வெள்ளை செட்டிலும் பார்க்க முடிந்தது இந்தச் சாமர்த்தியத்தால்தான். அதற்குக் கொடுத்த விலை, நிறத்துக்குக் கிடைத்த இடம் குறைவு. வெளிச்சம் நுணுக்கமாக வரும், நிறம் பட்டையாகக் கசியும். சிவப்பு எழுத்து நீலப் பின்னணியில் இருந்தால் ஓரங்களில் எறும்பு ஊர்வது போலத் தெரியும். அது கோளாறு அல்ல. மஞ்சள் வயரின் சுபாவம். எவ்வளவு விலையில் மஞ்சள் வயர் வாங்கினாலும் போகாது.

ஆனால் 1993-லும் இதே வயர்தான் இருந்தது, அப்போது ஏன் கண்ணை உறுத்தவில்லை? பிக்சர் டியூப் டி.வி. படத்தைக் கோடு கோடாக வரைந்தது. கோடுகளின் ஓரம் இயற்கையாகவே மென்மை, திரையும் 20 அல்லது 21 அங்குலம். இன்றைய திரை புள்ளிக் கட்டங்களால் ஆனது. 4கே என்றால் குறுக்கே 3840, நெடுக்கே 2160. பழைய பெட்டி அனுப்புவதோ சுமார் 240 கோடு. ஒரு கோட்டை ஒன்பதாகப் பெருக்கி நிரப்ப வேண்டும். அதை யார் செய்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்தச் சின்ன கன்வர்ட்டர் டப்பாவைப் பற்றி இரண்டு வார்த்தை. கடையில் ஒரே மாதிரித் தோற்றத்தில் இரண்டு ரகம் இருக்கிறது. ஒன்று ஏ.வி.யை எச்.டி.எம்.ஐ. ஆக்கும், இன்னொன்று எச்.டி.எம்.ஐ.யை ஏ.வி. ஆக்கும். மாற்றி வாங்கிவிட்டுப் படமே வரவில்லை என்று புலம்புகிறவர்கள் ஏராளம். அட்டையில் அம்புக்குறி எந்தத் திசை என்று பாருங்கள். இது யு.எஸ்.பி. வழியாகக் கரண்ட் கேட்கும். டி.வி.யின் யு.எஸ்.பி.யில் செருகிப் படம் நடுங்கினால் போன் சார்ஜரில் செருகிப் பாருங்கள். 720, 1080 என்று ஒரு சுவிட்ச் இருந்தால் இரண்டையும் வைத்துப் பார்த்து, உங்கள் டி.வி.யில் எது தெளிவோ அதில் விடுங்கள்.

இன்னும் பல டி.வி.க்களில் ஏ.வி. நுழைவு நேரடியாகவே இருக்கிறது, கன்வர்ட்டரே தேவையில்லை. ஆனால் மஞ்சளுக்குத் தனித் துளை இல்லாமல் பச்சைத் துளையோடு சேர்த்துக் கொடுத்திருப்பார்கள். அங்கே மஞ்சள் வயரைச் செருகிவிட்டு, இன்புட்டில் காம்போனென்ட் என்று தேர்ந்தெடுத்தால் படம் கறுப்பு வெள்ளையில் வரும். ஏ.வி. என்று மாற்றினால் கலர் வந்துவிடும். இதற்காக மெக்கானிக்குக்குக் காசு கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். வேறு சில டி.வி.க்களில் இயர்போன் மாதிரி ஒரே துளை. அதற்கென்று டி.வி.யோடு வந்த துண்டு வயரையே பயன்படுத்துங்கள். வேறு கேமராவோடு வந்த வயர் உருவத்தில் அச்சாக அதுவாகவே இருக்கும், உள்ளே பின்களின் வரிசை வேறாக இருக்கலாம். அவசரத்துக்கு அதுதான் இருக்கிறதென்றால் கன்சோலின் மஞ்சள் பிளக்கை அந்த வயரின் சிவப்பிலும் வெள்ளையிலும் மாற்றிச் செருகிப் பாருங்கள். ஏதாவது ஒன்றில் படம் வரலாம்.

இப்போது நண்பனின் டி.வி.க்கு வருவோம். அது பெட்டி அனுப்பிய படத்தை நான்கு விதமாக 'நல்லது' செய்துகொண்டிருந்தது.

ஒன்று, இழுத்தது. பழைய படம் நான்குக்கு மூன்று என்ற அளவில் ஏறக்குறையச் சதுரம். புதுத் திரை பதினாறுக்கு ஒன்பது. முழுத்திரையும் நிரம்ப வேண்டும் என்று படத்தைப் பக்கவாட்டில் இழுத்ததில் மரியோ தொப்பை போட்டிருந்தான். 4:3 என்று மாற்றினோம். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். வரட்டும். அதை வீணான இடம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம், என் நண்பனின் மனைவி உட்பட.

இரண்டாவது, ஓரத்தை வெட்டியது. டியூப் காலத்தில் திரையின் விளிம்பு ஒழுங்காக இராது என்பதால் படத்தின் நான்கு ஓரங்களையும் சட்டத்துக்குள் மறைத்தார்கள். இன்று அந்த அவசியமே கிடையாது. ஆனாலும் சில டி.வி.க்கள் இன்றுவரை படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தை வெட்டுகின்றன. ஸ்கோர் பாதி காணாமல் போவது மட்டுமல்ல, பெரிதாக்கியதால் முழுப் படமும் மசங்கும். புத்தம் புது கன்சோலுக்கும் இது நடக்கும். 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்க்ரீன் ஃபிட்', 'ஃபுல் பிக்ஸல்' என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் இந்த வசதி இருக்கும். தேடிப் பிடித்துப் போடுங்கள்.

மூன்றாவது, ஷார்ப்னெஸ். பெயரைப் பார்த்து ஏமாந்து எல்லோரும் இதைக் கூட்டுகிறார்கள். இது தெளிவைக் கூட்டுவதில்லை. விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு போடுகிறது. மஞ்சள் வயரின் கசிவையும் சேர்த்துக் கோடு போட்டுக் காட்டும். பல டி.வி.க்களில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் படம் உள்ளபடி இருக்கும். சிலவற்றில் நடுவில். வெள்ளைக் கோடு மறையும்வரை குறையுங்கள்.

நான்காவதுதான் நண்பனைப் பள்ளத்தில் தள்ளியது. சினிமாவும் கிரிக்கெட்டும் வழவழவென்று ஓட வேண்டும் என்பதற்காக டி.வி. வரும் படங்களைச் சேமித்து வைத்து, முன்னும் பின்னும் ஒப்பிட்டு, இடையில் இல்லாத படத்தைத் தானே தயாரித்துச் சொருகுகிறது. இரைச்சலைத் துடைக்கிறது, நிறத்தைத் திருத்துகிறது. இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். சில டி.வி.க்களில் 100 மில்லி செகண்டைத் தாண்டும். சினிமா பார்க்கையில் அது தெரியாது, சத்தத்தையும் அதே அளவு தாமதப்படுத்திவிட்டால் போதும். விளையாட்டில் அப்படி இல்லை. நீங்கள் பார்க்கும் மரியோ பத்தில் ஒரு விநாடி பழைய மரியோ. திரையில் அவன் பள்ளத்தின் விளிம்பில் நிற்கும்போது, பெட்டிக்குள் அவன் ஏற்கெனவே விழுந்துகொண்டிருக்கிறான். பட்டனை அமுக்கிப் பிரயோசனம் இல்லை.

பிக்சர் டியூபில் இந்தப் பேச்சே கிடையாது. வயரில் வந்த சிக்னல் வந்த கையோடு திரையில் கோடாக விழுந்துவிடும். சேமித்து வைக்க அதில் இடமே இல்லை. நண்பனின் கட்டைவிரல் இருபது வயதில் கற்றுக்கொண்டது அந்த வேகத்தை. முப்பது வருடம் கழித்தும் அது மறக்கவில்லை என்பதுதான் இங்கே சிக்கல்.

இதற்கு மருந்து 'கேம் மோட்'. அதைப் போட்டதும் டி.வி. இந்தத் திருத்த வேலைகளில் பெரும்பாலானதைக் கைவிட்டுவிடும். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பல டி.வி.க்களில் இது ஒவ்வொரு நுழைவுக்கும் தனித்தனி. முதல் எச்.டி.எம்.ஐ.யில் போட்டுவிட்டு இரண்டாவதில் கன்சோலை மாட்டினால் பலனில்லை. புதுக் கன்சோல்கள், புது டி.வி.க்கள் தாங்களே பேசிக்கொண்டு இந்த மோடுக்கு மாறிக்கொள்ளும். கேசட் பெட்டிக்கும் கன்வர்ட்டருக்கும் அந்தப் பாஷை தெரியாது, நீங்கள்தான் போட வேண்டும்.

நம்பிக்கை இல்லாதவர்கள் அளந்து பார்க்கலாம். போன் கேமராவில் விநாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷன் இருந்தால் ஜாய்ஸ்டிக்கும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி வைத்து, பட்டனை அமுக்குவதைப் படம் எடுங்கள். விரல் அழுத்தியதிலிருந்து மரியோ தரையை விட்டு எழும்வரை படங்களை எண்ணுங்கள். ஒரு படத்துக்கு நான்கு மில்லி செகண்டுக்குச் சற்று மேல். நண்பன் வீட்டில் கேம் மோட் இல்லாமல் 38 படம், போட்டபின் 15. பெட்டியும் கன்வர்ட்டரும் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ளும் நேரம் இரண்டு கணக்கிலும் இருக்கிறது. வித்தியாசமான 23 படம் டி.வி.யுடையது. அதாவது விநாடியில் பத்தில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் ஓடுகிற மரியோ கிட்டத்தட்ட ஒரு செங்கல் அகலம் நகர்ந்துவிடுவான்.

எண்ணி முடித்ததும் நண்பன் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மகள்தான் "அப்பா, டி.வி.தான் லேட்டு, நீ இல்ல" என்றாள். அவளுக்கு டாக்டர் விஷயம் தெரியாது.

கேம் மோட் எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. அடிபட்ட மரியோ சில விநாடி மினுக்குவான் அல்லவா? ஒரு படத்தில் இருப்பான், அடுத்ததில் இருக்க மாட்டான். பழைய பெட்டிகள் 240 கோட்டை ஒவ்வொரு முறையும் முழுப் படமாக அனுப்புகின்றன. பல புது டி.வி.க்களும் மலிவு கன்வர்ட்டர்களும் இதை ஒரே படத்தின் இரண்டு பாதி என்று தப்பாக எடுத்துக்கொண்டு ஒட்டுகின்றன. விளைவு, மரியோ சீப்புப் பல் மாதிரிக் கோடுகளாகத் தெரிவான், அல்லது ஒரேயடியாக மறைந்துவிடுவான். டி.வி. செட்டிங்கில் இதற்கு வழியில்லை. பழைய கேம்களுக்கென்றே தயாரிக்கப்பட்ட கன்வர்ட்டர்கள் சரியாகப் புரிந்துகொள்ளும். விலைதான், சாதாரண டப்பாவைப் போலப் பல மடங்கு. தினமும் ஆடுபவர் தவிர மற்றவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

பிளாஸ்டிக் துப்பாக்கி இன்னும் பாவம். அந்தக் காலத்துப் பெட்டிகளோடு வாத்து சுடுவதற்கு ஒன்று வருமே, அதை வைத்துக்கொண்டு மகள் அரை மணி நேரம் சுட்டாள். ஒரு வாத்தும் விழவில்லை. விழாது. விசையை இழுத்த கணத்தில் திரை கறுப்பாகி, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றி மறையும். குழலுக்குள் இருக்கும் கண் அந்த வெளிச்சத்தை அந்தக் கணமே எதிர்பார்க்கிறது. அதுவும் டியூபில் கோடுகள் ஓடும் வேகத்தில் துடிக்கும் வெளிச்சத்தைத்தான் ஏற்றுக்கொள்ளும். புதுத் திரையில் கட்டம் தாமதமாக வருகிறது, துடிப்பும் இல்லை. எந்த மெனுவிலும் இதற்கு மருந்து கிடையாது. டப்பா டி.வி. ஒன்று யாராவது கொடுத்தால் வாங்கி வையுங்கள். ஆனால் பின்மூடியைக் கழற்றாதீர்கள். டியூபுக்குள் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கும்.

கேசட் பெட்டிக்கு அடுத்தபடி நம் பரண்களில் அதிகம் தூங்குவது பிளேஸ்டேஷன் 2. ஜப்பானில் 2000-ல் வந்தது. இதற்கு மஞ்சள் வயரோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று பிளக் உள்ள காம்போனென்ட் வயர் கிடைக்கிறது. வெளிச்சமும் நிறமும் தனித்தனிப் பாதையில் வருவதால் எறும்பு ஊர்வது அடியோடு நின்றுவிடும். வாங்கும் முன் டி.வி.யில் அந்த மூன்று துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள், புது செட்டுகளில் எடுத்துக்கொண்டே வருகிறார்கள். மாட்டியதும் படம் முழுக்கப் பச்சையாக வந்தால் பயப்பட வேண்டாம். கன்சோலின் மெனுவில் காம்போனென்ட் வீடியோ என்ற இடத்தில் ஆர்.ஜி.பி. என்று இருக்கும், பக்கத்திலுள்ள இன்னொன்றுக்கு மாற்றுங்கள். பச்சைத் திரையில் மெனு தெரியாவிட்டால் முதலில் மஞ்சள் வயரை மாட்டி மாற்றிவிட்டுப் பிறகு வயரை மாற்றுங்கள்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டு வந்த பெட்டிகளில் வேறு தொல்லை. அமெரிக்கா, ஜப்பான் பெட்டிகள் என்.டி.எஸ்.சி. முறை, விநாடிக்கு 60. நம்முடையது 50. பழைய இந்திய டி.வி.யில் அவை கறுப்பு வெள்ளையில் வரும், அல்லது படம் மேலும் கீழும் உருளும். ஆன்டெனா வழியாக மாட்டினால் படம் வந்து சத்தம் வராது, சத்தம் வரும் அலைவரிசை இரண்டு முறைகளிலும் வேறு. இன்றைய டி.வி.க்கள் ஏ.வி.யில் பெரும்பாலும் இரண்டையும் ஏற்கின்றன. ஆனால் பெட்டியின் அடாப்டர் 110 வோல்ட்டா என்று பார்க்காமல் நம் சுவரில் செருகினால் படத்தைப் பற்றிக் கவலைப்படும் நிலையே வராது.

திரையில் அகலமான ஒரு பட்டை மெல்ல மேலே நகர்ந்துகொண்டே இருந்தால் கன்சோலைத் திட்டாதீர்கள். டி.வி.யில் மாட்டிய கேபிள்காரர் வயரைப் பிடுங்கிப் பாருங்கள். பட்டை மறைந்தால் அது எர்த் பிரச்னை. டி.வி.க்கு ஒரு எர்த், கேபிளுக்கு ஒரு எர்த், இரண்டுக்கும் நடுவே ஓடும் சின்ன கரண்ட்தான் அந்தப் பட்டை. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பிளக் பாயின்ட்டின் எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது பின்னை ஒடித்துவிடும் வைத்தியம் சிலர் சொல்வார்கள், செய்யக்கூடாது. எர்த் சரியில்லாத வீட்டில் வயர்களை கரண்ட் ஓடும்போது செருகி எடுத்தால் எச்.டி.எம்.ஐ. துளையே போய்விடலாம். மும்பை, சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் பிளக்கின் உலோகம் கறுத்திருக்கும். துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாலே பாதி கோடு போகும்.

புது கன்சோல்காரர்கள் இத்தனை நேரம் பொறுமையாக இருந்ததற்கு நன்றி. உங்களுக்குக் கலங்கல் இல்லை, கறுப்புதான் தொந்தரவு. இருட்டுக் காட்சியில் ஒன்றுமே தெரியவில்லை, அல்லது கறுப்பெல்லாம் சாம்பலாக இருக்கிறது. கன்சோல் கறுப்பை ஒரு எண்ணில் ஆரம்பிக்கிறது, டி.வி. வேறு எண்ணில். ஒருவர் 0 முதல் 255, மற்றவர் 16 முதல் 235. கன்சோலில் ஆர்.ஜி.பி. ரேஞ்சை ஆட்டோமேடிக்கில் விடுங்கள். டி.வி.யிலும் பிளாக் லெவலை ஆட்டோவில் விடுங்கள். அப்படியும் ஒத்துவராவிட்டால் இரண்டிலும் லிமிடெட் வைத்தால் ஒத்துப்போகும்.

4கே படமும் எச்.டி.ஆரும் வாங்கிய டி.வி.யில் வரவில்லை என்றால் மாட்டிய துளையைப் பாருங்கள். நான்கு எச்.டி.எம்.ஐ. இருந்தாலும் விநாடிக்கு 120 படம் தாங்குவது பல செட்டுகளில் ஒன்றோ இரண்டோதான். அதிலும் முழு வசதியைத் திறக்கத் தனி செட்டிங் உண்டு. சோனியில் 'என்ஹான்ஸ்டு ஃபார்மட்', சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்', எல்.ஜி.யில் 'டீப் கலர்' என்ற பெயர்களில் தேடுங்கள். எச்.டி.ஆர். போட்டதும் படம் மங்கினால் உங்கள் டி.வி.க்கு அந்த அளவு வெளிச்சம் இல்லை என்று பொருள். விலை குறைந்த செட்டுகளில் இது சகஜம். எச்.டி.ஆரை அணைத்துவிட்டு ஆடுவதில் அவமானம் ஒன்றுமில்லை.

கடைக்காரர் தங்க முலாம் கேபிளை நீட்டுவார். எச்.டி.எம்.ஐ.யில் போவது எண்கள். கேபிள் சரியில்லை என்றால் திரையில் மின்மினி பறக்கும், படம் விட்டுவிட்டு வரும், அல்லது வரவே வராது. கொஞ்சம் மங்கல், கொஞ்சம் வெளிறல் என்பது கேபிளால் வராது. கன்சோலோடு பெட்டியில் வந்த கேபிளே போதும். நீளம் பற்றாமல் புதிது வாங்கினால் 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' என்ற சான்று லேபிள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தங்கம் காதுக்கு.

நண்பன் டாக்டரையும் பார்த்துவிட்டு வந்தான். நடக்கச் சொல்லி, விரல்களைத் தட்டச் சொல்லிப் பார்த்தாராம். ஒன்றுமில்லை, சர்க்கரையைக் குறையுங்கள் என்றாராம். கேம் மோட் போட்ட டி.வி.யில் இப்போது முதல் உலகம் முழுவதையும் தாண்டிவிடுகிறான். போன வாரம் போன் செய்தபோது எட்டாவது உலகத்தில் ஒரு நீளப் பள்ளத்தில் தொடர்ந்து விழுவதாகச் சொன்னான். ஹாஸ்டலிலும் அந்தப் பள்ளத்தில் அவன் விழுந்துகொண்டேதான் இருந்தான், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.